பிள்ளை இல்லீங்க

"மேற்படி திருமணத்தின் மூலம் மனுதாரருக்குக் குழந்தைகள் யாரும் இல்லை." ஒன்பதாவது பத்தி, ஒரே வரி. கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி தையல்நாயகி அதை ஐந்தாவது தடவையாகப் படித்தாள். மனுதாரர் என்றால் அவள்தான். மேற்படி திருமணம் என்றால், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கருணாகரன் என்கிற மனுஷன், முதல் பெண்டாட்டி பட்டுக்கோட்டையில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே அதை மூடி மறைத்துவிட்டு இவள் கழுத்தில் தாலி கட்டினானே, அது. அந்தக் கல்யாணம் செல்லாது என்று எழுதிக் கொடுங்கள் என்பதுதான் மனு. அதுவரைக்கும் சரி. ஆனால் யாரும் இல்லை என்றால்? யாரும் இல்லை என்றால் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் திணித்து, காணாமல் போன ஒற்றை ஷூவைக் கட்டிலடியில் குனிந்து எடுத்து மாட்டி, ரெட்டைப் பின்னல் போட்டு, "ரிப்பன் கோணலா இருக்கும்மா" என்று சிணுங்கினதற்கு ஒரு அதட்டல் போட்டு, வேனில் ஏற்றிவிட்டு வந்தாளே, அது யாராம்? ஏழு வயசு. ரெண்டாம் வகுப்பு. பேர் இளவெயினி. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, விழுந்தால் எடுத்து வைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் இல்லையாமே. கடன்காரக் காகிதம், என்ன தைரியமாகச் சொல்கிறது பார்! ஆறாவது தடவை படித்தாள். எழுத்து மாறிவிடுமா என்ன, அதேதான் இருந்தது.

இத்தனை நாளாக அதைப் படிக்காதது யார் குற்றம்? மனு போட்டு ஒன்றரை வருஷமாகிறது. நகல் வீட்டில் பீரோவுக்குள் புடவைக்கு அடியில்தான் கிடந்தது. எடுக்கப் பயம். அதில் கருணாகரன் பேர் இருக்கும், தாலி கட்டின தேதி இருக்கும், படித்தால் அந்த மண்டபத்து ரோஜாப்பூ வாசனை மூக்கில் ஏறும் என்று பயம். கையெழுத்துப் போடச் சொன்ன அன்றைக்கும் படிக்கவில்லை. வக்கீல் குமாஸ்தா சுடலைமுத்து பென்சிலால் ஒவ்வொரு பக்கத்திலும் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். இங்க போடுங்கம்மா, இங்க, இந்தா இங்க. குறி கண்ட இடமெல்லாம் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் லேபுக்கு ஓடினாள். லேபில் அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. ஊசியைத் தொடுமுன்னே பேர் கேட்பாள், வயசு கேட்பாள், குப்பியில் ஒட்டின சீட்டில் எழுதுவாள், எழுதினதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்து "சரிதானுங்களே?" என்பாள். ஒருநாள் ஒரே வயசில் ரெண்டு செல்வராஜ் வந்துவிட்டார்கள், ஒருத்தருக்குச் சர்க்கரை நானூறு, ஒருத்தருக்கு ஒன்றுமில்லை. நல்லவேளை, இவள் அப்பா பேரையும் கேட்டு எழுதியிருந்தாள். மாறிப்போயிருந்தால் ஒரு உயிர் போயிருக்கும். டாக்டரே வந்து "தையல் இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்ல" என்றார். ஊரார் ரத்தத்துக்கெல்லாம் பேர் சரிபார்க்கிறவள், தன் ரத்தத்துக்கு மட்டும் பார்க்கவில்லை. இன்றைக்கு வராந்தாவில் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் விசிறிக்கொள்ளத்தான், தேவைப்படுமோ என்று பையில் போட்டு வந்திருந்த அந்த நகலை எடுத்தாள். விசிறும்போது பக்கம் புரண்டது.

உடனே சுடலைமுத்துவிடம்தான் ஓடினாள். மனுஷர் படிக்கட்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர், இந்தப் பக்கம் பெண் எடுத்து முப்பது வருஷமாகிறது, பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணித் தண்ணியை விடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், கிளாஸைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்லுதிய? நான் போன் போட்டுக் கேட்டம்லா? பிள்ளைய உண்டான்னு கேட்டேன். பிள்ளை இல்லீங்கன்னு நீங்கதான சொன்னிய?" என்றார். "பொண்ணு இருக்கு சார்." "பொட்டப்பிள்ளையும் பிள்ளைதானம்மா!" என்றார், சொல்லி வாய் மூடுமுன்னே அவருக்கே விளங்கிவிட்டது, நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டார். "ஏ, ஆண்டவா. உங்க ஊருப் பேச்சு மறந்துபோச்சே எனக்கு." அவளுக்கும் அப்போதுதான் அந்த மத்தியானம் முழுசாக ஞாபகம் வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கிழவரின் முழங்கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் எங்க, என்னைக்கு, கடைசியா ஒண்ணா இருந்தது எப்ப என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், பிள்ளைய உண்டா என்றார். அவள் ஊர்ப்பக்கம் பிள்ளை என்றால் ஆண், பெண் என்றால் பொண்ணு. அவனுக்கென்னப்பா, ஒரு பிள்ளை ஒரு பொண்ணு என்றுதான் சொல்வார்கள். "பிள்ளை இல்லீங்க" என்றாள். பொண்ணுதான் என்று முடிக்க வாயெடுத்தாள், அதற்குள் கிழவர் கையை வெடுக்கென்று இழுத்தார், ஊசி விலகியது, "அப்புறம் பேசறேன் சார்" என்று போனை வைத்துவிட்டாள். அப்புறம் எங்கே பேசினாள்? அப்புறம் என்பதே வரவில்லை.

ஆனால் அந்தக் கிழவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் ஆயிற்றா? பிள்ளை உண்டா என்று கேட்டால் "பொண்ணு இருக்குங்க" என்று ஏன் வரவில்லை வாயில்? இல்லை என்பது ஏன் முந்திக்கொண்டு வந்தது? இருக்கிறதைச் சொல்லுமுன்னே இல்லாததைச் சொல்லித் தலைகுனிகிற பழக்கம் எங்கேயிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? அப்புறம் அந்த 'தான்'. பொண்ணுதான். ஏழு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவள் கேட்டால் பொண்ணுதான். ரேஷன் கடையில் கேட்டால் ஒரே பொண்ணுதான். என்னமோ தராசில் எடை குறைந்துபோனதற்கு மன்னிப்புக் கேட்கிறமாதிரி ஒரு தான். அது அவள் வாய்ச்சொல் இல்லை, மாமியார் கொடுத்த சீர். பிரசவமான அன்றைக்கு, மயக்கம் முழுசாகத் தெளியவில்லை, கருணாகரன் போனை இவள் காதில் வைத்தான். "பிள்ளையா, பொண்ணா?" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து அவன் அம்மா. தாய் எப்படியிருக்கிறாள் என்று கேட்கவில்லை, சேய் எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. "பொண்ணுதாங்கத்தை" என்றாள் இவள். முதல் தான். அந்தப் பக்கம் போன் கட். அப்போதெல்லாம் ஒன்றும் விளங்கவில்லை, கிழவிக்குப் பேரன் ஆசைபோல என்று விட்டுவிட்டாள். பாவி, எதற்காகத் தன்னைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது.

வக்கீல் ஜெயசீலி கறுப்புக் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டே அடுத்த கோர்ட்டிலிருந்து வந்தார். நல்ல அம்மாள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் காலில் சக்கரம். சுடலைமுத்து காகிதத்தைக் காட்டிக் காதோடு காதாகச் சொன்னார். வக்கீலம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. நானும் பார்த்திருக்கணும், பார்க்கல. இங்க பாரு தையல், இன்னைக்கு வாயைத் திறக்காத. எதிர்மனுதாரர் ஆஜராகல. நீ கூண்டுல ஏறி ரெண்டு வார்த்தை சொன்னா இன்னைக்கே தீர்ப்பு. கல்யாணம் செல்லாது, அவன் யாரோ நீ யாரோ. இப்பப் போய் இதைக் கிளப்பினா திருத்த மனு போடணும், அவனுக்கு மறுபடி நோட்டீஸ் போகணும், இத்தனை நாள் வராதவன் வந்து நின்னு வழக்காடுவான். ஒரு வருஷம் போயிரும்." "அப்ப என் வெயினி, மேடம்?" "அவளுக்கு ஒண்ணும் ஆகாது. முதல் நாளே சொன்னேன்ல, கல்யாணம் செல்லலைன்னாலும் பிள்ளை செல்லும். சட்டப்படி அவ முறையாப் பொறந்தவதான். அப்பன் சொத்துல பங்கு, உன் சொத்துல பங்கு. அப்பனோட சொந்தக்காரங்க சொத்துல நேராக் கேட்க முடியாது, அவ்வளவுதான். தீர்ப்புல பேர் இல்லாட்டியும் சட்டம் சட்டம்தான்." "தீர்ப்புல பேர் இல்லாட்டிப் பரவாயில்ல மேடம். ஆளே இல்லன்னு இருக்கே?" வக்கீலம்மா அவளை ஒரு தடவை பார்த்தார். "பின்னால ஒரு மனு போட்டுச் சரிபண்ணிக்கலாம்" என்றார், யாரோ கூப்பிட, போய்விட்டார்.

பின்னால். எப்போது பின்னால்? கருணாகரன் செத்த பின்னால்தானே இது வேலைக்கு ஆகும்? அன்றைக்கு வெயினிக்கு முப்பது வயசாகுமா, நாற்பதாகுமா? தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்குப் போய் நிற்பாள். யாரும்மா நீ என்பார்கள். அவர் பொண்ணு என்பாள். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தத் தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். இதோ பாருங்க சார், இவளைப் பெத்தவளே சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கா, குழந்தைகள் யாரும் இல்லைன்னு. கோர்ட்டு முத்திரை இருக்கு பாருங்க. வெயினி அந்தக் காகிதத்தை வாங்கிப் படிப்பாள். சொத்து கிடக்கிறது, அதைத் தூக்கிக் குப்பையில் போடு, பட்டுக்கோட்டையில் ஒரு ஓட்டு வீடும் நாலு மா நிலமும், அதுவும் யார் யாருக்கோ போனது போக என்ன மிஞ்சப்போகிறது! அந்த வரியைப் படிப்பாளே, அதை யார் தடுப்பது? அம்மா, நீதான் சொன்னியா என்று கேட்கத் தோன்றும், கேட்க அம்மா இருக்கமாட்டாள். ஐயோ, இருந்தாலும் என்ன பதில் சொல்வாள்? கிழவர் கையை இழுத்துவிட்டார்டி என்றா? போன மாசம்கூட ஒருநாள் கேட்டாள். வக்கீலம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்கிறது. கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, உனக்குக் கல்யாணமே ஆகலன்னு சொல்லிடுவாங்களாமா?" என்றாள். ஆமாம்டா. "அப்ப நான் எப்படி வந்தேன்?" சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "நீ வந்துட்டே, அவ்வளவுதான்" என்றாள் தையல்நாயகி. வேறென்ன சொல்ல? வெயினி பென்சிலைக் கீழே வைத்தாள். "நான் வந்தது செல்லும்ல?" என்றாள்.

பட்டுக்கோட்டைக்காரியையும் நினைத்துக்கொண்டாள். நினைக்காமல் இருக்க முடிகிறதா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "கருணாகரன் வீட்டுல பேசறேன்" என்றது ஒரு பெண்குரல். இவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்கத்தை" என்றாள். மாமியார் வீட்டிலிருந்து யாரோ என்று நினைத்துவிட்டாள். "அத்தை இல்லம்மா. அவரு வீட்டுல" என்றது குரல் மறுபடியும். வீட்டுல என்றால் வீடு இல்லை, பெண்டாட்டி. அது உறைக்க இவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, சோப்புத் தண்ணி கால்மேல் வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது. பேர் அம்சவல்லியாம். திட்டுவாள் என்று நினைத்தாள், திட்டவில்லை. "எனக்கு ரெண்டு பொண்ணும்மா. பதினாலு, பன்னெண்டு. பிள்ளை இல்லன்னுதான் கிழவி உன்னைப் பார்த்துக் கட்டிவச்சா. ஊர்பூரா எனக்குப் பிள்ளை இல்ல, பிள்ளை இல்லன்னே சொன்னா. ரெண்டைப் பெத்து மடியில வச்சுக்கிட்டு நானும் பிள்ளை இல்லாதவ ஆயிட்டேன். உனக்கும் பொண்ணுன்னு கேள்விப்பட்டேன். சரி, உன்னையும் விட்டுட்டு இன்னொருத்தியைத் தேடுறதுக்குள்ள சொல்லிடலாம்னுதான்" என்றாள். குரலில் அழுகை இல்லை, அழுது தீர்ந்த குரல். பின்னால் ஒரு சின்னப் பெண், "அம்மா, தண்ணி காயுது" என்று கத்தினது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளை இல்லாதவளின் பிள்ளை. கிழவி சொன்ன அதே வாக்கியத்தைத்தானே இவளும் போனில் சொன்னாள்? கிழவி ஊரில் சொன்னாள், இவள் கோர்ட்டில் சொல்லியிருக்கிறாள். கிழவி கெட்டிக்காரி, இவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டாள்.

ஆனாலும் இன்றைக்கே முடியவேண்டும். முடிந்தே ஆகவேண்டும். கருணாகரன் கோர்ட்டுக்குத்தான் வருவதில்லை, லேப் வாசலுக்கு வந்துவிடுகிறான். குடித்திருந்தால் கத்துவான், குடிக்காவிட்டால் இன்னும் மோசம், சிரிப்பான். "என் பொண்டாட்டி, நான் கூப்பிடறேன், எவன் கேக்கறது?" ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால், புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், பேசித் தீர்த்துக்குங்கம்மா என்கிறார்கள். ஒரு காகிதம் இருந்தால் போதும். அதை முகத்தில் எறிந்து, போடா நீ யாரோ என்று சொல்லலாம். அந்தக் காகிதத்துக்காக ஒன்றரை வருஷம் நடந்திருக்கிறாள், இன்றைக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு வரிதானே? யார் கேட்கப்போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டு ஆமாங்கய்யா என்று சொல்லிவிட்டு இறங்கினால் வெளியே வெயில் வேறு நிறத்தில் இருக்கும். இப்படி நினைத்தவளுக்குத் திடீரென்று இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. வரக்கூடாது, வரக்கூடாது என்று அமுக்கி வைத்திருந்தது. பட்டுக்கோட்டைக்காரி போனை வைத்த அந்த மத்தியானம், வெயினி கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பன் ஜாடை அப்படியே. அதே மூக்கு. இவள் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இது மட்டும் இல்லாதிருந்தால் என்று நினைத்தாள். நினைத்தாளா? நினைத்தாள். இது மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கணமே புடவையை உதறிவிட்டுப் போய்விடலாமே என்று, முழுசாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தாள். ஒரு நிமிஷம் இருக்குமா? அவ்வளவுகூட இருக்காது. உடனே ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்து எழுப்பிவிட்டாள், அது மிரண்டு அழுதது. அந்த ஒரு நிமிஷத்தை யாரோ ஒட்டுக்கேட்டு, பத்திரமாக வைத்திருந்து, ஒன்பதாவது பத்தியில் தட்டச்சு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். யாரும் இல்லை. அம்மா கேட்டது கிடைத்துவிட்டது. தையல்நாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நிலத்தகராறுக்கு வந்த பெரியவர் ஒருத்தர், கோர்ட்டுக்கு வந்தவர்கள் அழுவது சகஜம் என்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தையல்நாயகி! தையல்நாயகி! தையல்நாயகி!" குறுக்கே சிவப்புப் பட்டை போட்ட டவாலி வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். எழுந்தபோது ஒரு கால் மரத்திருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம், பழைய காகித வாசனை. கூண்டில் ஏறினாள். வக்கீலம்மா எதிரில் நின்றுகொண்டு, பேசாதே என்று கண்ணாலேயே சொன்னார். நீதிபதி சின்ன வயசுதான், அவள் தம்பி வயசு இருக்கும். சத்தியம் வாங்கினார்கள். சொல்வதெல்லாம் உண்மை என்று அவள் வாய் சொன்னது. கட்டை விரலால் கூண்டின் மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நீதிபதி காகிதங்களைப் புரட்டியபடியே கேட்டார், "மனுவுல சொல்லியிருக்கறதெல்லாம் உண்மைதானாம்மா?"

"ஒண்ணு மட்டும் இல்லீங்கய்யா."

வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி நிமிர்ந்தார். "எது?"

"ஒன்பதாவது பத்தி. குழந்தைகள் யாரும் இல்லைன்னு போட்டிருக்கு. பிள்ளை இருக்குங்கய்யா."

வக்கீலம்மா சட்டென்று முன்னால் வந்து, "தட்டச்சுப் பிழைங்கய்யா" என்றார். தையல்நாயகி தலையை ஆட்டினாள். "இல்லீங்கய்யா. அவங்க மேல தப்பு இல்ல. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

நீதிபதி அந்தப் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திருத்தணும்னா மறுபடி நோட்டீஸ் போகணும்மா. இன்னைக்கு முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுங்கய்யா."

"என்ன குழந்தை?"

நாக்கின் நுனியில் அந்தத் தான் வந்து நின்றது, ஏழு வருஷப் பழக்கம். "பொண்ணு" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் ஒரு எழுத்து சேர்க்கவில்லை.

பேர் கேட்டார்கள். இளவெயினி என்றாள். தட்டச்சு செய்கிற பெண்ணுக்குப் பிடிபடவில்லை, என்னது, என்னது என்று ரெண்டு தடவை கேட்டாள். தையல்நாயகி கூண்டிலிருந்தபடியே எட்டி, குப்பியில் ஒட்டுகிற சீட்டுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதும் இப்படித்தான். இ. ள. வெ. யி. னி. அடித்து முடித்ததும், "ஒரு தடவை படிச்சுக் காட்டுங்கம்மா, சரியா இருக்கான்னு பார்த்துக்கறேன்" என்றாள். அந்தப் பெண் நீதிபதியைப் பார்த்தாள், அவர் சரியென்றார், அவள் படித்தாள். சரியாக இருந்தது. ஜூன் பதினெட்டுக்கு வாய்தா போட்டார்கள். அதுவரைக்கும் அவள் கருணாகரன் பெண்டாட்டிதான்.